ஜீன்ஸ் என்ற பெயர் வந்த வழி

பெருநாளுக்குத் துணி எடுக்கப் பட்டணத்துக்குப் போனால், நம் பிள்ளைகள் பலர் கேட்பது ஜீன்ஸ் சிலுவார்தான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இன்று அதைப் பார்ப்போம்.

இத்தாலி நாட்டில் ஜெனோவா என்றொரு துறைமுகப் பட்டணம் உண்டு. அந்த ஊரின் பெயரால் அறியப்பட்ட முரட்டுத் துணியை, ஆங்கிலேயர் 1500களிலேயே 'ஜீன்' என்று அழைத்தார்கள். ஆக, ஜீன் என்பது முதலில் ஊர்ப் பெயர். பிறகு துணியின் பெயர். கடைசியில்தான் உடுப்பின் பெயர்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சொல் 'டங்கரி'. இது இந்தியாவிலிருந்து போன சொல். பம்பாயில் டோங்கிரி என்னும் பகுதியில் விற்ற முரட்டுப் பருத்தித் துணிக்கு அந்த இடத்தின் பெயரே நிலைத்தது. சாயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'இண்டிகோ' என்ற பெயருக்கும் 'இந்தியாவிலிருந்து வந்தது' என்பதே பொருள். நாம் அவுரி என்கிறோமே, அந்தச் செடியின் நீலம்தான் அது.

சரி, துணி எப்படிச் சிலுவார் ஆயிற்று? அமெரிக்காவில், ரீனோ என்னும் ஊரில், ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் இருந்தார். ஏறக்குறைய 1870இல், ஒரு தொழிலாளியின் மனைவி அவரிடம் வந்தார். மரம் வெட்டும் தம் கணவருக்குச் சீக்கிரம் கிழியாத சிலுவார் வேண்டும் என்றார். டேவிஸ் யோசித்தார். பையின் மூலைகள்தாம் முதலில் பிய்கின்றன. அந்த இடங்களில் சிறு செப்பு ஆணிகளை வைத்துத் தட்டி இறுக்கினார். கூலி 3 டாலர். அதைக் கண்ட மற்றத் தொழிலாளர்களும் தேடி வந்தார்கள். துணி கொடுத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து, 1873 மே 20இல் டேவிஸ் காப்புரிமை பெற்றார்.

கேட்டீர்களா, நேயர்களே? இன்று நாகரிகம் என்று உலகமே அணியும் உடுப்பு, ஓர் உழைப்பாளி வீட்டுப் பெண்ணின் கவலையிலிருந்து பிறந்தது. மரம் வெட்டியவரும் சுரங்கம் தோண்டியவரும் அணிந்த வேலை உடுப்பு அது.

பிள்ளைகளே! பால்கறை படிந்த அப்பாவின் சட்டையையும், செம்பனைக் காட்டிலிருந்து திரும்பும் அம்மாவின் சேற்றுக் கைலியையும் கண்டு யாரேனும் முகம் சுளித்தால், நீங்கள் தலைகுனிய வேண்டாம். அவர்கள் போட்டிருக்கும் ஜீன்ஸின் கதையைச் சொல்லுங்கள்.