சர்க்கரையும் இரத்த அழுத்தமும்: உழைப்பவரின் இதயத்தைக் காப்பது யார்?

(புனேயில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உட்கார்ந்து உண்ணும் வசதி படைத்தோரின் நோய்கள் என்ற எண்ணம் தொழிற்சங்க வட்டாரங்களில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. அந்த எண்ணத்தைத் தகர்த்த சான்றுகளில் முக்கியமான ஒன்று இதே புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தே கிடைத்தது.

1993இல் புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவரது குழுவினரும், பிரிட்டனின் சவுதாம்ப்டன் ஆய்வாளர்களுடன் இணைந்து, ஆறு கிராமங்களின் தாய்மார்களைப் பற்றிய நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கினர். அத்தாய்மார்களின் சராசரி எடை கருவுறுவதற்கு முன் சுமார் 42 கிலோ மட்டுமே. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுதாம்ப்டன் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. ஆனால் தோலுக்கடியிலிருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்த இத்தகைய உடலை நீரிழிவு எளிதில் பற்றுகிறது. கர்ப்ப காலத்தில் வயல்வேலை, தண்ணீர் சுமத்தல், துணி துவைத்தல் ஆகிய கடும் உழைப்பில் ஈடுபட்ட தாய்மார்களின் குழந்தைகள் மேலும் எடை குறைந்து பிறந்தன என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. நடுத்தர வயதில் வெளிப்படும் நோயின் ஒரு வேர், தாயின் பட்டினியிலும் ஓய்வற்ற உழைப்பிலும் இருக்கிறது.

அக்குழந்தைகளைப் போன்றோர் வளர்ந்து நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு வருகின்றனர். இரவுப் பணி, குறைந்த உறக்கம், உப்பும் எண்ணெயும் மிகுந்த மலிவான உணவு, நாளை வேலை இருக்குமா என்ற அச்சம் ஆகியவை அங்கே காத்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி 10 கோடியே 10 லட்சம் இந்தியருக்கு நீரிழிவு உள்ளது. வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. இதே ஆய்வு வரிசையில் 2017இல் வெளியான 15 மாநில அறிக்கை மற்றோர் உண்மையைக் கூறியது. பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில், வசதி படைத்தோரைவிட ஏழைகளிடமே நீரிழிவு அதிகமாகக் காணப்பட்டது. நோய் வர்க்கம் மாறிக்கொண்டிருக்கிறது.

இவ்விரு நோய்களும் ஒரே உடலில் சேரும்போது என்ன நிகழ்கிறது? இரத்தக் குழாய்களின் உட்புறத்தை மெல்லிய படலம் ஒன்று காக்கிறது. மிகுந்த சர்க்கரை அப்படலத்தைப் பழுதாக்குகிறது. குழாயின் சுவரை விறைக்கச் செய்கிறது. உயர் அழுத்தமோ அதே சுவரை ஒவ்வொரு துடிப்பிலும் மோதுகிறது. பழுதடைந்த இடத்தில் கொழுப்பு படிகிறது, குழாய் குறுகுகிறது. அப்படிவு வெடித்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு ஏற்படுகிறது. மறுபுறம், கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் தசை தடிக்கிறது. தடித்த தசைக்குக் கூடுதல் இரத்தம் தேவை. ஆனால் அதை ஊட்ட வேண்டிய குழாய்களோ குறுகிவிட்டன. இறுதியில் இதயம் செயலிழக்கிறது.

சிறுநீரகத்தையும் இரு நோய்களும் சேர்ந்தே அரிக்கின்றன. பழுதடைந்த சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றத் தவறுவதால் இரத்த அழுத்தம் மேலும் உயர்கிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. நீண்டகால நீரிழிவு நரம்புகளை மரத்துப் போகச் செய்வதால், சிலருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருகிறது. திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், காரணமற்ற சோர்வு ஆகியவற்றை 'வேலைக் களைப்பு' என்று ஒதுக்கிவிட்டு மறுநாள் பணிக்குச் செல்லும் தொழிலாளி, உயிரையே பணயம் வைக்கிறார்.

இதில் நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. இரு நோய்களும் உள்ளோரின் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் என்ன பயன் என்பதைப் பிரிட்டனில் நடந்த பெரும் ஆய்வொன்று 1998இல் நிறுவியது. ஒரு குழுவின் சராசரி அழுத்தம் 144/82 ஆகவும், மற்றொரு குழுவின் அழுத்தம் 154/87 ஆகவும் இருந்தன. வேறுபாடு வெறும் பத்துப் புள்ளிதான். அழுத்தம் குறைந்த குழுவில் நீரிழிவு தொடர்பான மரணங்கள் 32 விழுக்காடும், பக்கவாதம் 44 விழுக்காடும், இதயச் செயலிழப்பு 56 விழுக்காடும் குறைந்தன. அதற்கு அடிப்படையாகப் பயன்பட்டவை கேப்டோபிரில், அடெனோலால் ஆகிய மாத்திரைகள். இவை விலையுயர்ந்த புதுமைகள் அல்ல. பழைய மருந்துகள்.

ஆகவே அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சியிருப்பது அரசியல் கேள்வி: அந்த மாத்திரை ஒவ்வொரு நாளும், ஆண்டுக்கணக்கில், ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்குச் சேருமா? அரசு மருத்துவமனையில் மாதமொரு முறை வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போகிறது. மருந்து இருப்பில் இல்லையென்றால் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. வலி இல்லாத நோய் என்பதால், நெருக்கடியான மாதத்தில் முதலில் நிறுத்தப்படுவது இந்த மாத்திரைதான்.

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் 1954இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் எழுந்த அப்பொதுத்துறை ஆலை இந்தியாவுக்குப் பெனிசிலினை அளித்தது. 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை அதன் உபரி நிலத்தை விற்கவும், நிறுவனத்தையே தனியாருக்கு விற்கவும் முடிவெடுத்தது. மருந்தை மக்களின் உரிமையாகக் கருதிய காலமும், மனையாகக் கணக்கிடும் காலமும் ஒரே வளாகத்தில் அருகருகே நிற்கின்றன. 2025க்குள் பொது சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை.

மாற்று வழி சாத்தியமே. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இவ்விரு நோய்களுக்கான மாத்திரைகளை வீடுகளுக்கே கொண்டு செல்கிறது. ஆயினும் அதைச் சுமப்போர் சொற்ப ஊக்கத்தொகை பெறும் பெண் தன்னார்வலர்கள். மகாராஷ்டிரத்தின் ஆஷா ஊழியர்களும் உரிய ஊதியத்துக்காகத் திரும்பத் திரும்பத் தெருவில் இறங்க வேண்டியிருக்கிறது. பிறரின் இதயத்தைக் காப்போரின் உழைப்பைச் சுரண்டி நிற்கும் திட்டம் நிலைக்காது.

எனவே தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் போனசுக்கும் அருகில் இவையும் இடம்பெற வேண்டும்: ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய நேரத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடையற்ற இலவச மருந்து, கர்ப்பிணிகளுக்கு நிறைவான உணவும் ஊதியத்துடன் ஓய்வும், சுகாதார ஊழியர்களுக்கு நிரந்தரப் பணி, பொதுத்துறை மருந்து ஆலைகளுக்குப் புத்துயிர்.

கோரிக்கை வெல்லும்வரை காத்திராமல் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு இரத்த அழுத்தமானி ஒன்றைக் கொண்டு வாருங்கள். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு தோழரும் கையை நீட்டட்டும். அளவு மிகுந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பி, அவர்கள் மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதும் அமைப்பு வேலையே. நீண்ட போராட்டத்துக்கு நீண்டகாலம் துடிக்கும் இதயங்கள் தேவை.