வார்டு வாசலில் ஒரு மலர் அலங்காரம்

(மருத்துவமனை நண்பர்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



பண்டிகைக் கால மலர் அலங்காரத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும்தான். பூக்களைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எலும்பு முறிவு வார்டில் காலில் கம்பியோடு படுத்திருந்த ஓர் அம்மாள். தளிப் பக்கத்தில் ஒரு பாலிஹவுஸில் ரோஜா பறிப்பவர்.

அந்த டிசம்பரில் வார்டு மேசைமேல் ஒரு பித்தளைக் குடத்தில் ரோஜாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டரம்மா, அது நாளைக்கே தலை தொங்கிடும்" என்றார். மறுநாள் காலையில் அப்படியே தொங்கிக் கிடந்தது.

வெட்டிய தண்டு வெளியே கிடந்தால் அதன் நுண்ணிய குழாய்களில் காற்று ஏறிவிடும். அதன்பின் தண்ணீர் மேலே போகாது. டிரிப் டியூபில் காற்று வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்கு இது தெரியவில்லை! வாளித் தண்ணீருக்குள் தண்டைப் பிடித்து, அடியில் இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்ட வேண்டும். தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட வேண்டும். இல்லையென்றால் அவை அழுகி, கிருமிகள் பெருகித் தண்டை அடைத்துக்கொள்ளும். தலை தொங்கிய பூவையும் உடனே எறிய வேண்டாம். மறுபடி வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாக ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் பல பூக்கள் நிமிர்ந்துவிடும்.

நம் ஓசூரில் ரோஜாவுக்குக் குறைவில்லை. அமுதகொண்டபள்ளி, பாகலூர், பேரிகை, தளி என்று எங்கும் பூத்தோட்டங்கள். இங்கிருந்து தாஜ்மகால் என்னும் சிவப்பு ரோஜா கிறிஸ்துமஸுக்கும் காதலர் தினத்துக்கும் வெளிநாடு போகிறது. தண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு விலை. தண்டு குட்டையாகவோ கோணலாகவோ இருந்தால் அந்தப் பூ உள்ளூருக்கு. இருபது பூ கொண்ட அந்தக் கட்டுகளைத்தான் நாம் வாங்குகிறோம். தாழ்வான கிண்ணத்தில் வைக்க நீளத் தண்டு எதற்கு? 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது வாங்க ஆளில்லாமல் நல்ல பூக்களையே பறித்துக் கொட்டினார்கள். அதைப் பார்த்தவர்களுக்குக் கோணல் தண்டு ஒரு குறையாகவே தெரியாது.

பசுமைக்குச் சவுக்குக் கிளையும் சில்வர் ஓக் இலையும் போதும். சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல் இருப்பதால் ஜிகினாத்தாள் வேண்டியதில்லை. பாயின்செட்டியாவில் சிவப்பாகத் தெரிபவை இலைகளே. நடுவில் உள்ள சிறு மஞ்சள் முத்துகள்தான் பூக்கள். நீண்ட இரவு கிடைத்தால்தான் அந்த இலைகள் சிவக்கும். உங்கள் வீட்டுச் செடி தெருவிளக்கின் அடியில் நின்றால் டிசம்பரிலும் பச்சையாகவே இருக்கும். செடியைத் திட்டாதீர்கள். அதன் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். வெட்டியதும் கை கழுவுங்கள். கடைப் பூக்களில் பூச்சிமருந்து படிந்திருக்கும். ஆகையால் கையுறை போடுங்கள். அந்த ரோஜா இதழை எக்காரணம் கொண்டும் பாயசத்தில் தூவாதீர்கள்.

பூக்களைச் செருகுவதற்குக் கடையில் ஒரு பச்சை நுரைக்கட்டி கிடைக்கிறது. பிளாஸ்டிக் வகையான அது தூளாக உதிரும், மக்காது. இங்கிலாந்தில் செல்சி மலர்க் கண்காட்சி நடத்தும் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. நாம் கோழிவலையைப் பந்துபோல் சுருட்டி எவர்சில்வர் கிண்ணத்துக்குள் அமுக்கி, தண்ணீர் ஊற்றிச் செருகுவோம். கழுவி வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். முதலில் சவுக்கை வட்டமாகச் செருகி, வலை தெரியாதபடி மறைத்து, பிறகு ரோஜா. மொட்டுகள் ஓரத்தில், விரிந்தவை நடுவில். வெள்ளைக் கார்னேஷன் இருந்தால் இடையிடையே. பக்கத்தில் ஆப்பிள் தட்டையோ வாழைப்பழத்தையோ வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு கார்னேஷனைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

இனி அந்த அம்மாள் விஷயம். பூக்கள் நிமிர்ந்தபின், "என் பக்கத்தில் வையுங்கம்மா" என்று கேட்டார். நான் முடியாது என்றேன். குவளைத் தண்ணீரில் நோய்க்கிருமிகள் நிறைய இருப்பதாக 1973-லேயே லான்செட் இதழில் எழுதினார்கள். அதனால் சாதாரண வார்டில் நோயாளிக்குத் தொற்று வந்ததாக நிரூபணம் இல்லைதான். ஆனாலும் கம்பி வைத்த கால், திறந்த புண். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயிரக்கணக்கில் பூப்பறித்த கைகள் அவை. அவருக்கென்று ஒரு பூ யாரும் வைத்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அன்று மாலையே கிண்ணத்தைச் சன்னலுக்கு வெளியே திண்ணையில் வைத்து, அவர் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அன்றிலிருந்து நம் அலங்காரங்கள் எல்லாம் வாசலிலும் சன்னலுக்கு வெளியிலும்தான். தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கும் தீக்காய வார்டுக்கும் பக்கத்தில்கூட வைப்பதில்லை.

ஆக்சிஜன் உள்ள இடத்தில் மெழுகுவர்த்தி கூடாது. பனி என்று சொல்லிப் பஞ்சைப் பரப்புவதும் வேண்டாம். அது கட்டுப் போட வாங்கிய பஞ்சு! ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசுவுக்கு ஒரு கிண்ணத் தண்ணீரே போதும்.

டிசம்பர் 23 காலை ஏழு மணிக்கு வெளிநோயாளர் பிரிவு வராந்தாவில் கூடுவோம். கூர்மையான கத்தரிக்கோலும் ஒரு வாளியும் கொண்டு வாருங்கள். அந்த அம்மாள் இப்போது கைத்தடியோடு நடக்கிறார், ஆண்டுதோறும் வருகிறார். தண்ணீருக்குள் இலை இருந்தால் அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரித்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.