சீட்டுக்கு அலைவதா, பள்ளிக்காகச் சேர்வதா?

(வாசுதேவநல்லூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சித்திரை பிறந்துவிட்டால் நம் ஊர்ப்பக்கம் ஒரே பேச்சுதான். "எந்தப் பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்கினீர்கள்?" ராஜபாளையம் பஞ்சாலைக்குப் போகிறவரும், நடவுக்கும் களைக்கும் போகிற தாயும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. தொழிலுக்கென்று வாங்கிய மகளிர் குழுக் கடன் பள்ளிக் கட்டணமாகிறது. ஒரே வீட்டில் ஆண்பிள்ளைக்கு வாசலில் வேன் வந்து நிற்கிறது. அவன் அக்கா சர்க்கார் பள்ளிக்கு நடந்து போகிறாள். இந்த மோகம் நியாயந்தானா?

பிள்ளை படித்துக் கரையேற வேண்டும் என்ற ஆசையில் குற்றம் ஏதுமில்லை. அதைக் கேலி செய்கிறவர்கள் நம் பக்கத்து ஆட்கள் அல்லர். ஆனால் கடன்பட்டுக் கொடுக்கும் காசுக்கு நாம் வாங்குவது என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

புத்தகம் ஒன்றுதான்

ஒரு காலத்தில் மெட்ரிக் பள்ளிக்கு ஒரு பாடம், நம் பிள்ளைக்கு ஒரு பாடம் என்று இருந்தது. 2010-ல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. மறு ஆண்டே அதை நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், பெற்றோர் வழக்காடினார்கள். அதை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று 2011 ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பிள்ளையும் சர்க்கார் பள்ளிப் பிள்ளையும் படிப்பது ஒரே பாடம், எழுதுவது ஒரே பரீட்சை. இங்கிலீஷ் வேண்டும் என்கிறோமா? 2012 முதலே அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகள் தொடங்கப்பட்டுவிட்டன.

அப்படியானால் காசு எதற்கு? டைக்கும் ஷூவுக்கும் வேனுக்கும். இன்னொன்றும் உண்டு, கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். காலனிப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் தன் பிள்ளை உட்காரக் கூடாது என்பதற்காகக் காசு கட்டுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அது படிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. ஜாதிக்குக் கட்டும் வரி.

நம் மாவட்டத்துச் செங்கோட்டையைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 2-ல் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி அந்த ஊர் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அங்குள்ள அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவர். ஒருவர் உயர்ந்ததால் எல்லாப் பள்ளியும் சரியாகிவிடாது. ஆனால் சர்க்கார் பள்ளியில் படித்தால் உருப்பட முடியாது என்ற பேச்சு பொய் என்பது தெரிகிறது. 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டால் முதல் ஆண்டிலேயே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஏறத்தாழ 400 மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் கிடைத்தன. கடன் வாங்கி வெளியே சேர்த்த பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை.

குறை இல்லையா?

உண்டு. ஆசிரியர் போதவில்லை, கழிப்பறை சரியில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் ஆசிரியர் ஏன் போதவில்லை? 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு இது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் அந்த இருவரே பார்க்க வேண்டும். 61-வது பிள்ளை வந்தால்தான் மூன்றாவது ஆசிரியர். ஒரு பிள்ளையை நாம் வேனில் ஏற்றிவிடும்போது, அந்தத் தெருவில் மிஞ்சும் பிள்ளைகளின் ஆசிரியரையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறோம்! ஆசிரியர் குறைந்ததைக் காட்டி இன்னும் நாலு பேர் வெளியேறுகிறார்கள். கடைசியில் பிள்ளை இல்லை என்று பள்ளிக்கே பூட்டுப் போடுகிறார்கள். அடகு வைக்க நகையும் இல்லாத வீட்டுப் பிள்ளை அப்போது எங்கே போகும்?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2017 ஜனவரியில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கினார்கள். 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தனியார் பள்ளியை விட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சர்க்கார் பணம் போட்டால், மக்களும் கூட நின்றால், ஓட்டத்தைத் திருப்ப முடியும்.

நமக்கும் இது புதிதல்ல. 1953-ல் அரை நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி சர்க்கார் திட்டம் கொண்டுவந்தது. ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியது; 1954-ல் அது கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவு வந்தது. நம் பள்ளிக்கூடத்தை நமக்கு யாரும் சும்மா தந்துவிடவில்லை.

செய்ய வேண்டியது

தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் சட்டப்படி கிடைத்தால் மறுக்க வேண்டாம், அது உரிமை. நன்கொடை கேட்டாலும், பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு வைத்தாலும் குற்றம், புகார் கொடுப்போம். ஆனால் அதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்த நாற்காலிகளில் நாம் உட்கார வேண்டும். கூட்டத்தை வேலை முடிந்த நேரத்தில் வைக்கச் சொல்வோம். காலி ஆசிரியர் இடம் எத்தனை, கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கே என்று தீர்மானம் எழுதிக் கேட்போம்.

தோழர்களே! கூலி உயர்வை எவனும் தனியாகப் போய் வாங்கிவிடவில்லை; சேர்ந்து நின்றுதான் வாங்கினோம். பிள்ளையின் படிப்பில் மட்டும் ஏன் தனித்தனியாக ஓடுகிறோம்? இந்த ஜூனில் ஒவ்வொரு தெருவிலும் வீடு வீடாகப் போவோம். நம் பள்ளிக்கு அந்த 61-வது பிள்ளையைத் தேடிக் கொண்டுவருவோம். மூன்றாவது ஆசிரியரைக் கேட்டு வாங்குவோம்.