உடம்பை இளைக்கச் சொல்பவர்களிடம்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள், மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிப்பேன்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். எடை மெஷினைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

என் அக்கா மகள் ஓவர்லாக் டைலர். அவளுக்கும் எனக்கும் ஒரே வருஷத்தில் குழந்தை பிறந்தது. ரெண்டு பேருக்கும் சிசேரியன். நான் பேங்க் கிளார்க். ஆறு மாசம் வீட்டில் இருந்தேன், சம்பளம் கணக்கில் ஏறியது. அவள் கான்ட்ராக்ட் ஆள், கம்பெனிப் பதிவேட்டில் பெயரே கிடையாது. அறுபதாம் நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை, ஒன்றரை ஷிப்ட். எனக்கு எடை தானாக இறங்கியது. அவளுக்குப் பன்னிரண்டு கிலோ கூடியது. நான் ஒழுக்கக்காரி, அவ பெருந்தீனிக்காரியா? பொதுப்புத்தி அப்படித்தான் சொல்லுது.

ஆஸ்பத்திரியில், "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களாம். சோத்தைக் குறை, காலையில் முக்கால் மணி நேரம் நட. எந்தக் காலையில்? தண்ணி பிடிச்சு, ஆக்கி வச்சு, புள்ளையைக் கிழவிகிட்ட விட்டுட்டு ஓடுற காலையிலா? ராத்திரி நடக்கலாம்னா எங்க வளவுல தெருவிளக்கு எரியாது. சோத்தை மட்டும் குறைச்சா. மத்தியானம் டீயும் பன்னும். ஒரு நாள் மெஷின் மேலயே மயங்கி விழுந்தா. ஹீமோகுளோபின் எட்டு.

உடம்பு பெருத்திருக்கு, ரத்தம் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டும் ஒரே உடம்பில் குடியிருக்க முடியும். ரேஷன் அரிசி இலவசம், துவரம்பருப்பு கார்டுக்கு மாசம் ஒரு கிலோ. வயிறு நிறையும், சத்து நிறையாது. எங்க ஆத்தா காலத்தில் புள்ள பெத்தவளுக்கு மாட்டுக்கறியும் கருவாடும் பூண்டும் போட்டாங்க. இரும்பும் புரதமும் அதிலேயே இருந்தது. இன்னிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தா பக்கத்து மெஷின்காரி மூக்கைப் பொத்துறா. அந்த அவமானத்துக்குப் பயந்து நம்ம பொண்ணுங்க சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கிட்டுப் போறாங்க. சாதி உடம்பில் ஏறும் வழிகளில் இதுவும் ஒன்று. (ஒல்லியாக இருப்பதுதான் அழகு என்பது யாருடைய அளவுகோல் என்பது வேறு கூட்டத்துக்கான விவாதம். இங்கே நான் பேசுவது மூட்டுவலியும் சர்க்கரையும்.)

தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிற உடம்பு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி செலவழிக்கும். அறுபதாம் நாள் வேலைக்கு இழுத்தவர்கள் அதையும் பறித்தார்கள். பால் கட்டி, மெஷினடியில் துணியை வச்சு அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. 2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம். 50 பேரோ அதுக்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேணும். குழந்தைக்குப் பதினைந்து மாசம் ஆகும்வரை தினம் ரெண்டு தடவை பாலூட்ட இடைவேளை. டயட் சார்ட்டுக்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் பிரசவப் பணம் வாங்க, முந்தின ரெண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள் சந்தா இருக்கணும். ஏழாம் மாசத்தில் போய் நம்பர் கேட்டால் கணக்கு வராது. வேலையில் சேர்ந்த அன்னிக்கே கேட்கணும். மாணவத் தோழர்கள் வளவு வளவாய்ப் போய் இதைச் சொல்லலாம்.

நாங்க என்ன செஞ்சோம்? பெரிசா ஒண்ணுமில்லை. டாக்டர்கிட்டக் கேட்டு இரும்பு மாத்திரை. சோறு ஒரு கரண்டி குறைச்சு, முட்டை ஒண்ணு, கொள்ளுப்பருப்பு. ஞாயித்துக்கிழமை வீட்டில் பயப்படாம கறி. வளவுப் பொண்ணுங்க அஞ்சு பேர் ராத்திரி சேர்ந்து நடக்கிறாங்க, கையில் செல்போன் வெளிச்சம். தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கோம், பதில் இல்லை.

மூணு மாசத்தில் ரெண்டு கிலோ. அவ்வளவுதான். போன வாரம் கேட்டேன், ஏன் கண்ணு, ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?

"மத்தியானம் தலை சுத்தறதில்ல சின்னம்மா" என்றாள்.