ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் நாடு

(நமது ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)



ஸ்வீடன் நாட்டுப் பள்ளிகளில் ஏழு வயதுச் சிறுவனும் தன் ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைக்கின்றான். இதனைக் கேட்டவுடன் நம்மில் பலர் முகம் சுளிக்கின்றோம். மரியாதை அறியாத நாடு என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றோம். அந்நாட்டின் பழைய வழக்கத்தைச் சற்றுப் பார்த்த பின்னர்த் தீர்ப்பளிப்பது நன்று.

முன்னர் அங்கும் ஆசிரியரைப் பெயர் சொன்னதில்லை. 'மாகிஸ்டர்' என்றே அழைத்தனர். பள்ளியில் மட்டுமன்று, எங்கும் பட்டமே முன்னின்றது. மருத்துவரின் எதிரே அமர்ந்துகொண்டே, "மருத்துவர் என்ன கருதுகிறார்?" என்று படர்க்கையில் கேட்க வேண்டும். அம்மொழியில் 'நீ' என்று ஒலிக்கும் சொல்லுக்கு (நம் செவிக்கு வேடிக்கையாகத் தோன்றும்) 'நீங்கள்' என்பதே பொருள். ஆயினும் பட்டமில்லாத எளியோரை நோக்கி மேலோர் கூறும் சொல்லாக அது தேய்ந்துபோயிற்று. எனவே அதனைச் சொன்னால் பெரியோர் மனம் புண்படும். ஒருமையில் அழைக்கவோ துணிவில்லை. எதிரே இருப்பவரின் பட்டம் தெரியாவிடில், "காப்பி வேண்டப்படுகிறதா?" என்று சுற்றி வளைத்துப் பேச வேண்டிய நிலை!

1960களில் இது தளர்ந்தது. 1967இல் நாட்டின் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர் அனைவரிடமும் ஒருமையில் பேசப்போவதாக அறிவித்தார். அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்த வழக்கந்தான் அது. எனினும் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. அரச குடும்பத்தாரிடம் மட்டும் பழைய முறை தொடர்ந்தது.

ஆக, ஆசிரியரை மட்டும் எவரும் கீழே இறக்கவில்லை. அதிகாரியையும் மருத்துவரையும் அழைப்பது போலவே பிள்ளை அவரையும் அழைக்கின்றது. தொடக்கப் பள்ளிகளில் பிரம்படி 1958லேயே தடை செய்யப்பட்டிருந்தது. பிரம்பும் பட்டமும் போன பின்னர் ஆசிரியருக்கு எஞ்சியது பாடம் நடத்தும் திறமை ஒன்றே. வகுப்பறை ஒழுங்கு பற்றிய வாக்குவாதம் அங்கும் உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இவ்வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டுமென நாம் கூறவில்லை. அண்டை வீட்டுப் பெரியவரையே பெயர் சொல்லாத ஊரில் ஆசிரியரை மட்டும் பெயர் சொன்னால் அது அவமதிப்பேயாகும். ஆனால் பணி நிமித்தம் அந்நாடுகளுக்குச் செல்லும் நம்மவர், பிள்ளை ஆசிரியரைப் பெயர் சொல்லிவிட்டான் என்று பதறி அவனை அடிக்க வேண்டாம்.

மற்றொரு பாதியையும் கவனிக்க வேண்டும். அங்கே மாணவன் கூறும் அதே சொல்லை ஆசிரியரும் மாணவனிடம் கூறுகின்றார். இங்கே 'சார்' என்று அழைக்கும் பிள்ளைக்குத் திரும்பக் கிடைப்பது பல வேளைகளில் 'டேய்'. மதிப்பெண் குறைந்தவனாயின் 'மக்கு' என்பதே அவன் பெயராகிவிடுகின்றது. பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகளைக் குறித்துக் கவலைப்படும் நாம் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நமது மாலை நேரப் பாட வகுப்புகளில் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள்: வருகைப் பதிவேட்டில் உள்ள பெயராலேயே ஒவ்வொரு பிள்ளையையும் அழையுங்கள்.