மானிப்பாய் தரும் பாடம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



எமது கிராமத்துத் தாய் சேய் கிளினிக் வாசிகசாலை விறாந்தையிலே நடைபெறுவதை யாவரும் அறிவீர்கள். மழை தூறினால் தாய்மார் குழந்தைகளை மார்போடணைத்துச் சுவரோரம் ஒதுங்குகின்றனர். அதற்கெனத் தனிக் கட்டிடம் ஒன்று எழுப்ப இச்சங்கம் உறுதி பூண்டிருக்கின்றது. அத்திவாரத்துக்குக் கல் சுமக்க இளைஞராகிய நாமும் ஆயத்தம். ஆயினும், கல்லும் சீமெந்தும் சேர்ந்துவிட்டால் மட்டும் வைத்தியசாலை ஆகிவிடுமா?

இதற்கு விடை காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. மானிப்பாய்க்குப் போனாற் போதும். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருந்துச்சாலை நடத்தத் தொடங்கினார். வந்த நோயாளரைப் பார்ப்பதோடு அவர் அமைந்துவிடவில்லை. எம்மவரான இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேறியவர்களுட் பலர் உத்தியோகம் நாடி ஊரை விட்டகன்றனர். இதைக் கண்ட கிறீன், 1864 முதல் தமிழிலேயே போதிக்கலானார். தமிழிற் கற்றவன் தமிழ்க் கிராமத்திலேயே தங்கித் தொழில் செய்வான் என்பது அவர் எண்ணம்.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? 1867-இல் இரண வைத்தியம், 1872-இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், 1875-இல் கெமிஸ்தம் என நூல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மாணவர் தம் உடையையும் உணவையும் கைவிடாமல் தமிழராகவே வாழவேண்டுமென்றும் அவர் விரும்பினார். அவர் பயிற்றிய வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். 1884-இல் அவர் மறைந்தார். அந்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சுவர் எழும்புமுன் ஆட்கள் எழும்பினர் என்பதே அதன் வளர்ச்சியின் இரகசியம்.

அவர் தம் சமயத்தைப் பரப்பவே வந்தார் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. மிஷன் பாடசாலையிற் கற்ற எம்போன்றோர் அவர்கள் செய்த நன்மையை மறைப்பதும் முறையன்று. கிறீன் பிறந்த அதே 1822-இலேதான் நாவலர் பெருமானும் பிறந்தார். மானிப்பாயில் மருந்துச்சாலை தொடங்கிய அதே 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. பஞ்சம் வந்தபோது 1877-இல் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்க்கு உணவளித்தவரும் நாவலரே. ஆகவே, உடற்பிணி தீர்க்கும் தொண்டு சைவருக்குப் புறம்பானதென்று யார் சொல்ல வல்லார்? ஆயினும் கோபுரத்துக்கு அள்ளிக் கொடுக்கும் எமது கை, கிளினிக்குக்குக் கேட்டால் 'அரசாங்கம் பார்க்கட்டும்' என்று மடியைப் பொத்திக்கொள்கின்றது.

தோழர்களே, குற்றம் பெரியோரிடம் மாத்திரமில்லை. பட்டம் கைக்கு வந்ததும் கொழும்பையும் கடல் கடந்த தேசங்களையும் நோக்குபவர்கள் நாமேயல்லவா? அன்று ஆங்கிலம் கற்று ஊரை விட்டகன்றவர்களுக்கும் எமக்கும் என்ன வேற்றுமை?

ஆதலால், கல் சுமக்குமுன் ஒன்றைத் தீர்மானிப்போம். இச்சங்கத்திலிருந்து ஒருவரேனும் தாதிப் பயிற்சிக்கோ வைத்தியக் கல்விக்கோ செல்லட்டும். அவருடைய செலவிற் பங்கை நாம் ஏற்போம். அவர் இவ்வூருக்கே திரும்பி வரட்டும். மற்றையோர் கிளினிக் நாளிலே முறைவைத்து மருத்துவமாதுக்குத் துணை நிற்போம். அப்பொழுது நாம் எழுப்பும் கட்டிடத்துக்குக் கூரை மாத்திரமன்று, உயிரும் உண்டாகும்.