கண்ணாடி இழையில் ஒரு சிறு படகு



சோழமண்டலக் கடற்கரையில் காலை வேளையில் நடந்து சென்றால், மணல்மேல் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளைக் காணலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப் பேரலைக்குப் பின்னர், கட்டுமரங்கள் கிடந்த இடங்கள் பலவற்றில் இப்படகுகள் பெருகிவிட்டன. அவற்றுள் ஒன்றைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்து குளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை எனக்கு உண்டாயிற்று. அந்த ஆசை கற்பித்த பாடத்தையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

ஃபைபர் என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இரு பொருள்களின் கூட்டு. ஒன்று, உருக்கிய கண்ணாடியை மயிரினும் மெல்லிய இழையாக இழுத்துப் பாய்போல் பரப்பியது. மற்றொன்று, தேன்போல் ஒழுகும் ரெசின் என்னும் செயற்கைப் பிசின். இழை இழுவையைத் தாங்குகிறது. பிசின் இழைகளை நிலைபெயராமல் பற்றிக்கொள்கிறது. ஆயினும் இவ்விரண்டுக்கும் தமக்கென ஒரு வடிவம் இல்லை. வடிவத்தைக் கொடுப்பது அச்சு. அந்த அச்சுக்கு வடிவத்தைக் கொடுப்பது மரத்தில் செதுக்கிய மூலவுரு. ஆகவே படகு ஒன்று செய்யப் புகுந்தவன், மூலவுரு, அச்சு, படகு என மூன்று முறை படகு செய்தாக வேண்டும்.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். எட்டரை மீட்டர் நீளமுள்ள படகு, பத்தில் ஒரு பங்கில் 85 சென்டிமீட்டர் ஆகிறது. நீளம் பத்தில் ஒன்றானால், பரப்பு நூறில் ஒன்றாகும். கன அளவு ஆயிரத்தில் ஒன்றாகும். எஞ்சின், வலை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து மூலப் படகு 2 டன் என்று கொண்டால், மாதிரி 2 கிலோவுக்கு மேல் போகலாகாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் உள்ள பாய், தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிசினைக் குடிக்கும். ஆகவே ஓர் அடுக்கு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. என் படகின் பரப்பு ஏறக்குறைய 0.3 சதுர மீட்டர். இரண்டு அடுக்குக்கு 600 கிராம் போதும். உறுதி வேண்டுமே என்று அஞ்சி நான்கு அடுக்கு வைத்தால் 1,200 கிராம் ஆகிவிடும். பிறகு மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் எடையில் இடம் ஏது?

மாதிரிப் படகு என்றால் விளையாட்டுப் பொருள்தானே என்று சிலர் எண்ணக்கூடும். வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1872-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, அதில் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்தே பெருங்கப்பல்களின் தடையைக் கணக்கிட்டார். நீளம் பத்தில் ஒன்றானால் வேகம் பத்தின் வர்க்கமூலத்தால் குறைய வேண்டும் என்பது அவர் காட்டிய விதி. மணிக்கு 10 மைல் ஓடும் படகின் மாதிரி, ஏறக்குறைய 3 மைல் வேகத்தில் ஓடும்போதுதான் அதே வடிவான அலையை எழுப்பும்.

ஃப்ரூட் தம் மாதிரிகளை மெழுகில் செய்தார். மெழுகைச் சீவலாம், பிடிக்காவிட்டால் உருக்கி மீண்டும் வார்க்கலாம். மரத்தையும் இழைத்துத் திருத்தலாம். இறுகிய ரெசினோ ஒருபோதும் மீண்டும் உருகாது. இத்தொழிலின் சாரம் இந்த வேற்றுமையில்தான் அடங்கியிருக்கிறது. இதை நான் ஒரு நஷ்டத்தின் வழியாகவே அறிந்தேன்.

ஒட்டுப்பலகையில் குறுக்குவெட்டு வடிவங்களை அறுத்து நிறுத்தி, அவற்றின்மேல் மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டி, மக்கு பூசி, உப்புத்தாளால் தேய்த்து மூலவுருவை ஆக்கினேன். இரண்டு மாதம் சென்றது. வர்ணமும் பூசினேன். வர்ணம் உள்ளே நன்றாக உலர்ந்து இறுகச் சில நாள் பொறுத்திருக்க வேண்டும். பிறகு மெழுகைப் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் துடைத்து மெருகேற்ற வேண்டும். நானோ மறுநாளே ஒருமுறை மெழுகிட்டு, அதன்மேல் ரெசினைப் பூசிவிட்டேன். ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்னும் திரவம் இளவர்ணத்தைக் கரைத்துச் சுருக்கிவிட்டது. அச்சும் மூலவுருவும் ஒன்றோடொன்று பிணைந்தன. உளியால் உடைத்துத்தான் பிரித்தேன். அச்சும் பாழ், மூலவுருவும் பாழ்.

இரண்டாம் முறை அவசரத்தைக் கைவிட்டேன். மூலவுருவை வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒளி அதன்மேல் வளைந்தோடுவதைப் பார்த்து மேடுபள்ளங்களைக் கண்டுபிடித்தேன். அணியத்திலிருந்து அமரம் வரை எங்கும் உட்புறமாக மடங்கும் இடம் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். இருந்தால் அச்சு கழலாது. மெழுகின்மேல், நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால் படலம் ஒன்றையும் பூசினேன். அச்சைக் கனமாகச் செய்து, மரச்சட்டங்கள் வைத்து விறைப்பாக்கி, ஒரு வாரம் அப்படியே விட்டேன். பிறகு ஓரத்தில் நீரை விட்டு மெல்லத் தட்டியதும் அது கழன்று வந்தது.

படகின் உடலை வார்ப்பது ஒருநாள் வேலைதான். அச்சின் உள்ளே மெழுகும் படலமும் பூசி, முதலில் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சைத் தடவ வேண்டும். அது கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் பாயை விரித்து, தூரிகையால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழிகளை வெளியேற்ற வேண்டும். நம் நாட்டு வெயிலில் 100 கிராம் ரெசினுக்கு 1 கிராம் அளவில் இறுக்கும் திரவம் போதும். மிகுந்தால் ரெசின் கொதித்து வெடிப்புறும். மிகக் குறைந்தால் என்றும் பிசுபிசுக்கும். அத்திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அதனைக் கோபால்ட் முடுக்கியோடு நேராகக் கலந்தால் வெடிக்கக்கூடும்; ஆதலின் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பின்னரே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி, தேய்க்கும்போது மூக்கு மறைப்பு ஆகியவை இல்லாமல் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

படகு வெளிவந்தது, எடை போட்டேன். 640 கிராம். தொட்டியில் மிதக்கவிட்டு, மோட்டாரையும் மின்கலத்தையும் இடம் மாற்றி மாற்றி வைத்து நீர்மட்டக் கோட்டைச் சரிசெய்தேன். ஆனால் அமரத்தின் இடப்புறம் மெல்லிய கீறல் ஒன்று தெரிந்தது. தேடிப் பார்த்தால், மூலவுருவில் நான் கவனியாது விட்ட கீறலே அது. அச்சில் அது வரப்பாகி, படகில் மீண்டும் கீறலாகி வந்திருக்கிறது. அந்த அச்சிலிருந்து எத்தனை படகு வார்த்தாலும் அத்தனையிலும் அக்கீறல் இருக்கும்.

கடற்கரையில் நிற்கும் பெரிய படகுகளும் இவ்வாறே அச்சிலிருந்து பிறந்தவை. அங்கே மூலவுருவில் நேரும் பிழை, அலைநடுவே ஓர் உயிரைப் பற்றியதாகிவிடும். கண்ணாடி இழை நாம் கொடுத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிக் கொடுக்கிறது. திருத்த வேண்டியதையெல்லாம் மரமாக இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். அப்போது செலவாகும் நாட்கள் வீண்போன நாட்கள் அல்ல.